மாத்திரை போட்ட கை

குழந்தையின் தலையைத் தண்ணீர் தொட்டுத் தொட்டு ஊற வைத்தாகிவிட்டது. கத்தியில் புது பிளேடு மாட்டியாகிவிட்டது. என் அக்கா மகள் கலாவின் குழந்தை யாழினி, தன் தாய்மாமன் பிரபுவின் மடியில் மஞ்சள் துண்டின் மேல் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முதல் முடி. நான் கத்தியை வைக்க வேண்டியதுதான் பாக்கி.

வையம்பட்டியைத் தாண்டி, மெயின் ரோட்டை விட்டு உள்ளே போனால் ஒரு சின்ன அம்மன் கோயில் வரும். கலாவின் மாமியார் வீட்டுக் குலதெய்வம். வேனில் வந்த சொந்தக்காரர்கள் வட்டமாக நின்றார்கள். தகரக் கொட்டகையின் ஓரத்தில் பொங்கல் வெந்துகொண்டிருந்தது. சித்திரை வெயிலுக்குக் காலையிலேயே தகரம் சூடேறி 'டிக் டிக்' என்று சத்தம் போட்டது.

"ஆரம்பிங்க மாமா" என்றாள் கலா.

கத்தியைத் தூக்கினேன். பக்கவாட்டில் வந்த வெயில் பிளேடில் பட்டு, குழந்தையின் கன்னத்தில் ஒரு பொட்டு வெளிச்சமாக விழுந்தது. அந்தப் பொட்டு ஓர் இடத்தில் நிற்கவில்லை. கன்னத்துக்கும் நெற்றிக்குமாகத் துள்ளியது. யாழினி அதைப் பிடிக்கக் கையை வீசினாள். பிடிபடவில்லை என்றதும் சிரித்தாள். அவள் சிரித்ததைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள்.

அது விளையாட்டு இல்லை, என் கை நடுங்குகிறது என்று அப்போது எனக்கு மட்டும்தான் தெரியும்.

பேசாத கடை

போன வாரம் இந்தத் தொடரில் என் சலூனின் கண்ணாடிகளைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, கடை எங்கே இருக்கிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். ஸ்ரீரங்கத்தில், ராஜகோபுரத்துக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் இருக்கிறது. அதற்கு மேல் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. தேடிக்கொண்டு வந்துவிடுவீர்கள். வந்தால் என்ன பேசுவது?

அஞ்சாவதோடு நான் பள்ளிக்கூடத்தை விட்டதற்குக் காரணம் வறுமை என்று பலரும் நினைக்கிறார்கள். வாய்ப்பாடு சொல்ல எழுந்து நிற்கச் சொல்வார்கள். அதுதான் காரணம். நின்றதும் தொடை ஆடும், நாக்கு ஒட்டிக்கொள்ளும். அப்பாவின் கடைக்குப் போனால் யாரும் எழுந்து நிற்கச் சொல்ல மாட்டார்கள். அங்கே ஏற்கெனவே நின்றுகொண்டுதானே இருக்கிறோம்.

சலூன்காரன் என்றால் ஊர்க்கதை பேச வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். எனக்கு அது வரவே இல்லை. "எப்படி வெட்டணும்?" என்று கேட்பேன். முடிந்ததும் பின்னால் கண்ணாடியைக் காட்டி, "போதுங்களா?" என்பேன். அவ்வளவுதான். என் மனைவி ராணி சொல்வாள், "உங்ககிட்ட முடி வெட்டிக்கிட்டா மௌன விரதம் இருந்த புண்ணியம் சேர்த்துக் கெடைக்கும்" என்று.

ஆனாலும் ஆட்கள் வந்தார்கள். பேச்சுப் பிடிக்காதவர்களும் ஊரில் இருக்கிறார்கள். கோயில் பக்கத்துப் பெரியவர்கள் சிலர், காதில் பாட்டு மாட்டிக்கொண்டு வரும் காலேஜ் பையன்கள், பேங்க் வேலையில் பேசிப் பேசிக் களைத்தவர்கள். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார்கள். கழுத்தை என்னிடம் ஒப்படைத்துவிட்டுத் தூங்குவார்கள்.

அந்தக் கழுத்துதான் பிரச்சினை ஆனது.

சூடான டவல்

ஒரு மத்தியானம். நன்றாகத் தெரிந்த வாடிக்கைக்காரர். தாடையை மேலே தூக்கிப் பிடித்து, காதுக்குக் கீழே கத்தியை வைத்திருந்தேன். தோலுக்கு அடியில் அவருடைய நாடி துடிப்பது தெரிந்தது. இத்தனை வருடமாகத் தெரிந்துகொண்டுதான் இருந்தது. அன்றைக்கு மட்டும் ஏனோ ஒரு நினைப்பு வந்தது: இப்போது என் கை நழுவினால்?

அவ்வளவுதான். என் நெஞ்சு அடித்துக்கொண்டது. உள்ளங்கை வேர்த்துக் கத்தி வழுக்கியது. கடைச் சுவர்கள் கிட்டே வருவதுபோல இருந்தது. மூச்சு உள்ளே போகிறது, ஆனால் போதவில்லை. சாகப் போகிறேன் என்று நிச்சயமாக நினைத்தேன்.

கத்தியைக் கீழே வைத்துவிட்டு, வெந்நீரில் கிடந்த டவலைப் பிழிந்து அவர் முகத்தின் மேல் போட்டேன். மூக்குக்கு மட்டும் இடம் விட்டேன். பிறகு வாசலுக்குப் போனேன், உள்ளே வந்தேன், மறுபடி வாசலுக்குப் போனேன். அடங்குகிறவரைக்கும் நடந்தேன். வந்து டவலை எடுத்தபோது அவர், "பிரமாதம்ப்பா, இனிமே எப்பவும் இப்படியே போடு" என்றார்.

நெஞ்சு படபடக்கும்போதெல்லாம் டவலைப் போட்டேன். இந்தக் கடையில் முகத்துக்கு ஒத்தடம் கொடுக்கிறார்கள் என்று பேர் பரவியது. அதற்காகவே புது ஆட்கள் வந்தார்கள். எனக்கு அழுகைதான் வந்தது.

இதயம்தான் என்று நினைத்து ஈசிஜி எடுத்தேன். ஒன்றுமில்லை, கேஸ் என்றார்கள். ராணி ஓமத் தண்ணீர் கொடுத்தாள், பூண்டு வேகவைத்துக் கொடுத்தாள். கேஸ் போயிருக்கும். பயம் போகவில்லை. வீடு உறையூரில். கடைக்குப் போகக் காவிரிப் பாலத்தைத் தாண்ட வேண்டும். பாலத்தில் பஸ் நெரிசலில் நின்றால், "எறங்கணும், எறங்கணும்" என்று கண்டக்டரிடம் கெஞ்சி இறங்கி, வெயிலில் நடந்தே அக்கரை போய்ச் சேர்வேன். அந்த வருடம் ஆற்றில் எவ்வளவு தண்ணீர் போனது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. குனிந்த தலை நிமிர்ந்ததில்லை.

முசிறி டிக்கெட்

எங்கள் பக்கத்தில் யாராவது கொஞ்சம் மாறாகப் பேசினால் போதும், "இவனக் குணசீலத்துக்குக் கூட்டிட்டுப் போங்கப்பா" என்பார்கள். முசிறி போகிற வழியில் இருக்கும் ஊர் அது. மனசு சரியில்லாதவர்களைப் பெருமாள் சன்னிதியில் ஒரு மண்டலம் தங்க வைப்பார்கள். கேலி பேசுகிற அதே வாய்தான், வீட்டில் ஒருவருக்கு முடியவில்லை என்றால் அங்கே போய் வேண்டிக்கொள்ளும்.

நானும் போனேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறி, கண்டக்டர் கேட்டபோது குணசீலம் என்று சொல்ல வாய் வரவில்லை. முசிறி என்று டிக்கெட் எடுத்தேன். குணசீலம் வந்ததும் சத்தம் போடாமல் இறங்கப் பார்த்தேன்.

"அண்ணே, முசிறிக்குல்ல எடுத்தீங்க? இது குணசீலம். இங்க எதுக்கு எறங்குறீங்க?" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி கண்டக்டர் கத்தினார்.

முகத்தில் தீர்த்தம் தெளித்தார்கள். அந்தக் குளிர்ச்சி உண்மையிலேயே நன்றாக இருந்தது. திரும்பி வரும்போது சத்திரம் வரைக்கும் நிம்மதியாக வந்தேன். மறுநாள் பாலத்தில் பஸ் நின்றது. மறுபடி இறங்கி நடந்தேன்.

ராணி அதற்கு மேல் பொறுக்கவில்லை. "சாமியும் பாக்கட்டும், டாக்டரும் பாக்கட்டும்" என்று புத்தூரில் ஒரு மனநல டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

இரண்டு மாத்திரைகள்

டாக்டரம்மா அதிகம் பேசவில்லை. அதனாலேயே எனக்குப் பிடித்தது. இது பதற்ற நோய், நிறையப் பேருக்கு வருவது, மருந்தும் பயிற்சியும் இருக்கிறது என்றார். மூச்சை மெதுவாக விடச் சொல்லிக் கொடுத்தார். இரண்டு மாத்திரை எழுதினார்.

பெரியது தினமும் போட வேண்டியது. அது வேலை செய்ய மூன்று நான்கு வாரம் ஆகும். அதுவரைக்கும் தாங்குவதற்குத்தான் சின்னது. அது உடனே அமைதி கொடுக்கும், ஆனால் உடம்பு அதற்குப் பழகிவிடும். பெரியது வேலையைப் பிடித்ததும் சின்னதைத் தானே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதாகவும், நானாகக் கூட்டவோ நிறுத்தவோ கூடாது என்றும் சொன்னார். பெயர்களை நான் இங்கே எழுதவில்லை. படித்துவிட்டு யாராவது கடையில் போய்க் கேட்டு வாங்குவீர்கள். வேண்டாம்.

அந்தச் சின்ன மாத்திரையைப் பற்றி எப்படிச் சொல்வது? போட்ட கொஞ்ச நேரத்தில் உடம்புக்குள் யாரோ சத்தத்தைக் குறைத்து வைத்ததுபோல இருக்கும். பாலத்தில் பஸ் நின்றால் நிற்கட்டும் என்று இருக்கும். கழுத்து வெறும் கழுத்தாகத் தெரியும். முதல் முறையாக ஆற்றை எட்டிப் பார்த்தேன். தண்ணீரே இல்லை, மணல்தான். அதுவே சந்தோஷமாக இருந்தது.

பெரிய மாத்திரை முதல் வாரம் வயிற்றைப் புரட்டியது. நல்லது எதுவும் செய்யவில்லை. வேலை செய்யாத மாத்திரையை எதற்கு விழுங்குவது என்று விட்டுவிட்டேன். சின்னதை விடவில்லை. திரும்பப் போய்க் காட்டவும் இல்லை. அங்கே வெளியில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால்? பழைய சீட்டைக் காட்டினால் மருந்துக் கடைத் தம்பி கொடுத்துக்கொண்டிருந்தார். வீட்டில், டாக்டர் கொடுத்தது முடிந்துவிட்டது, இது சத்து மாத்திரை என்று சொன்னேன். ராணி நம்பினாளோ இல்லையோ, கேட்கவில்லை.

இப்படியே ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது.

மஞ்சள் வேட்டி

கலாவுக்குக் குழந்தை பிறந்ததும், முதல் முடியை மாமாதான் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள். கலாவுக்கே முதல் முடி எடுத்தவன் நான்தான். அப்போது நான் மீசை அரும்பிய பையன். மாப்பிள்ளை வீட்டிலும் தலைமுறையாக இதே தொழில்தான். ஆனால் மாப்பிள்ளை கம்பெனிக்குப் போகிறார். கத்தி பிடிக்கிற ஆள் அங்கே யாரும் மிச்சமில்லை. அதனால் அவர்களும் ஒத்துக்கொண்டார்கள்.

குழந்தையின் உச்சந்தலையைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். ஓர் இடம் மெத்தென்று இருக்கும். அதற்குக் கீழே துடிக்கும். அந்த இடத்தில் கத்தி வைக்க வேண்டும். எனக்கு அன்றிலிருந்தே வேறு நினைப்பு இல்லை.

மாசிக் கடைசியில் சமயபுரத்தில் பூச்சொரிதல் தொடங்கியது. பக்தர்களுக்காக அம்மனே பட்டினி விரதம் இருக்கும் காலம். சமைத்த படையல் கிடையாது. பச்சரிசி மாவில் வெல்லம் கலந்த துள்ளுமாவு, இளநீர், பானகம்தான். நானும் மஞ்சள் வேட்டி கட்டி மாலை போட்டுக்கொண்டேன். என் கை நல்லபடியாக இருக்க வேண்டும் என்பதுதான் வேண்டுதல்.

விரதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது மாத்திரை தீர்ந்தது. மருந்துக் கடைக்குப் போனேன். தம்பி சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"பழைய சீட்டுக்கு இனிமே தர முடியாதுண்ணே. போதை மாத்திரைன்னு ஒரே கெடுபிடி. டாக்டர்கிட்ட புதுசா எழுதி வாங்கிட்டு வாங்க."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. பக்கத்தில் இரண்டு மூன்று பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு அம்மாள் என் மஞ்சள் வேட்டியைப் பார்த்தாள், கழுத்து மாலையைப் பார்த்தாள், பிறகு சீட்டைப் பார்த்தாள்.

நான் திரும்பி நடந்தேன். எங்கே போகிறேன் என்று தெரியாமல் உறையூர்த் தெருக்களைச் சுற்றினேன். அந்த ஒரு வார்த்தைதான் காதில் இருந்தது. போதை. அம்மனுக்கு மாலை போட்டுக்கொண்டு இத்தனை நாளும் போதையா சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்? அந்தக் கையாலா குழந்தைக்கு முடி எடுக்கப் போகிறேன்? மருந்தையும் மதுவையும் என் புத்தி ஒரே இடத்தில் வைத்துவிட்டது. இனி தொடுவதில்லை, சுத்தமான கையோடுதான் கோயிலுக்குப் போவது என்று முடிவெடுத்தேன். வீட்டுக்கு வந்தபோது பெரிய காரியம் செய்துவிட்ட பெருமைகூட இருந்தது.

விரதச் சூடு

முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. அதற்குப் பிறகு தூக்கம் போனது. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் உட்காரத் தோன்றும். தோலுக்கு அடியில் எறும்பு ஓடுவதுபோல இருக்கும். கத்தரிக்கோல் சத்தம் பல்லில் கூசியது. கடையில் சீப்புகளைக் கழுவினேன். காய வைத்தேன். மறுபடி அதே சீப்புகளைக் கழுவினேன். சவரத்துக்கு வந்தவர்களிடம் பிளேடு தீர்ந்துவிட்டது என்று சொல்லி அனுப்பினேன். பிளேடு பெட்டி அவர்கள் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது.

முன்பு பயம் வரும், போகும். இப்போது போகவே இல்லை. கை நீட்டினால் விரல்கள் தனியாக ஆடின.

இது விரதச் சூடு என்று நினைத்தேன். இளநீர் குடித்தேன், பானகம் குடித்தேன். அம்மன் சோதிக்கிறாள், தாங்கினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். மாத்திரையை நிறுத்தியதால்தான் கை ஆடுகிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. நல்லது செய்தால் கெடுதல் வருமா?

ராணி மட்டும் ஒரு தரம் கேட்டாள், "அந்தச் சத்து மாத்திரை போடுறீங்களா?" என்று. விரதம் என்றேன்.

விரதமும் முடிந்தது. மாலையைக் கழற்றினேன். கை நிற்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் வேன் வந்து நின்றது.

தகரக் கொட்டகை

குழந்தை சிரித்து முடித்துவிட்டாள். நான் இன்னும் கத்தியைத் தூக்கியபடியே நின்றேன். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். இரண்டும் சேர்ந்து ஆடின.

"என்ன மாமா?"

"முடியலம்மா. கை நடுங்குது."

கலாவின் மாமியார் பக்கத்தில் வந்தார். நல்ல மனசு, ஆனால் சத்தமாகப் பேசுகிற அம்மாள். காபி குடிக்கவில்லை என்றால் தனக்கும்தான் நடுங்கும் என்று சொல்லி, டீ கொண்டுவரச் சொன்னார். டீ வந்தது. டம்ளரை வாங்கினேன். வாய்க்குப் போவதற்குள் பாதி என் சட்டையில் கொட்டியது.

வட்டமாக நின்றவர்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள். வாய்ப்பாடு சொல்ல நின்ற அதே தொடை நடுக்கம். ஓடிவிடலாம் என்று இருந்தது. ஒரே வீச்சாக வீசி முடித்துவிடலாம் என்றும் ஒரு நினைப்பு வந்தது. அந்த இரண்டாவது நினைப்புதான் என்னைப் பேச வைத்தது.

"நான் மாத்திரை சாப்பிடுறவன். பதட்டத்துக்கு. ரொம்ப நாளா சாப்பிடுறேன். விரதம்னு நிறுத்திட்டேன். அதுக்கப்புறம்தான் இப்படி ஆடுது."

சொல்லிக்கொண்டே வரும்போதுதான் அது எனக்கே புரிந்தது.

கலாவின் மாமியார், எங்கள் சம்பந்தியம்மா, கேட்டார், "பதட்டத்துக்குன்னா... இந்தக் குணசீலத்துக்குப் போறவங்க சாப்பிடுறதா?"

"ஆமா. அங்கயும் போயிட்டு வந்தேன்."

என் அக்காவுக்குத்தான் தாங்கவில்லை. "ஏண்டா, இத முந்தாநாள் சொல்லத் தெரியாதா உனக்கு? வேன் வெச்சு, ஊரக் கூட்டி, இங்க வந்தா சொல்லுவ?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். யாரோ வையம்பட்டியில் சலூன் இருக்கும், வண்டியை எடுத்தால் ஆளைக் கூட்டி வந்துவிடலாம் என்றார்கள். சம்பந்தியம்மா உடனே சரி என்றார். வண்டிச் சாவியைத் தேடினார்கள்.

கலா குழந்தையைப் பிரபுவின் மடியிலிருந்து தூக்கி ஈரத் தலையைத் துடைத்தாள்.

"வேணாம் அத்தை. மாமா எடுக்கட்டும். கை சரியானதும் எடுக்கட்டும்."

"சாமிக்குச் சொன்ன நாளு."

"சாமிக்கு அவசரம் இல்லத்தை. நமக்குத்தான் வேன் வாடகை."

யாரோ சிரித்துவிட்டார்கள். பூசாரிதான் வழி சொன்னார். மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து சூலத்தில் கட்டிவிட்டுப் போங்கள், குழந்தைக்கு ஒற்றைப்படை மாதம் பார்த்து வாருங்கள், அம்மன் காத்திருப்பாள் என்றார். முடிச்சுப் போட என்னைக் கூப்பிட்டார்கள். என்னால் அதுவும் முடியவில்லை. ராணி வாங்கிக் கட்டினாள்.

வேலைக்காரனும் விருந்தாளியும்

மறுநாளே புத்தூருக்குப் போனோம். டாக்டரம்மா முழுக்கக் கேட்டுவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார். திடீரென்று நிறுத்தினால் நடுக்கம் மட்டுமில்லை, வலிப்புகூட வந்திருக்கலாம் என்றார். கத்தி கையில் இருக்கும்போது வந்திருந்தால் என்று அவர் சொல்லவில்லை. நானே நினைத்துக்கொண்டேன்.

"வேலைக்காரன வெரட்டிட்டு, விருந்தாளிய வீட்டோட வெச்சுக்கிட்டீங்க. அப்புறம் அவனையும் ராவோட ராவா கழுத்தப் புடிச்சுத் தள்ளியிருக்கீங்க."

ராணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்.

இரண்டையும் மறுபடி தொடங்கினார். பெரியது இந்த முறை சாப்பாட்டுக்குப் பிறகு, குறைந்த அளவில். வயிறு பொறுத்துக்கொண்டது. சின்னதை மெதுவாக, மாதக் கணக்கில் குறைக்க வேண்டும். பாதி, அதிலும் பாதி என்று ஆனபோது மாத்திரையை அரை பிளேடால் நானே துண்டு போட்டுக்கொண்டேன். உடையாமல் வந்தது.

கடைக்கு வரும் ஸ்ரீரங்கத்துப் பெரியவர் ஒருவர், என் முகம் தெளிந்திருப்பதைப் பார்த்து என்னவென்று விசாரித்தார். என்னை அறியாமல் சொல்லிவிட்டேன். கூட்டத்தில் ஒரு முறை சொல்லிவிட்டால் தனியாகச் சொல்வது அத்தனை கஷ்டமில்லை.

"அட அசடே, ஜலம், பால், ஔஷதம், இதெல்லாம் விரதத்தக் கெடுக்காதுப்பா. பெருமாள் கோவிச்சுக்க மாட்டார். யார்ட்டயாவது கேட்டிருக்கப்படாதோ?"

யாரிடமாவது கேட்டிருக்கலாம்தான். கேட்கத் தெரிந்திருந்தால் எனக்கு அந்த மாத்திரையே தேவைப்பட்டிருக்காது என்று மனசுக்குள் பதில் சொல்லிக்கொண்டு, காதோரத்தைச் சரி செய்தேன்.

யாழினியின் முடி வளர்ந்துகொண்டே போனது. கண்ணில் விழுகிறதென்று கலா ரப்பர் பேண்ட் போட்டு உச்சியில் நீரூற்று மாதிரிக் கட்டிவிட்டாள். பார்க்கிறவர்கள் எல்லாம் இன்னும் ஏன் எடுக்கவில்லை என்று கேட்கிறார்கள் என்று சம்பந்தியம்மா போன் செய்துகொண்டே இருந்தார். எனக்கு ஒரே அவசரம். சின்ன மாத்திரையை முழுக்க விட்டுவிட்டுத்தான் குழந்தையைத் தொட வேண்டும் என்று இருந்தேன். சீக்கிரம் குறையுங்கள் என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவர் மாட்டேன் என்றார். மாத்திரை போட்டுக்கொண்டிருக்கும்போதே முடி எடுக்கலாம், கை நன்றாகத்தானே இருக்கிறது என்றார். கையை நீட்டச் சொன்னார். நீட்டினேன். விரல்கள் சும்மா இருந்தன. நான்தான் சும்மா இல்லை.

ஆவணி

ஆவணியில் மறுபடி அதே வேன், அதே ஆட்கள். போன முறை வராதவர்கள்கூட இந்த முறை வந்திருந்தார்கள். எதைப் பார்க்க வந்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

காலையில் போட வேண்டிய மாத்திரைகளை நான் போடவில்லை. பொட்டலமாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். வெறும் வயிற்றோடு அம்மன் முன்னால் நிற்க வேண்டும், முடி எடுத்துவிட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு நினைப்பு. பெரியவர் சொன்னது, டாக்டர் சொன்னது எல்லாம் தெரிந்தும் அந்த நினைப்பு போகவில்லை. வழியெல்லாம் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

பிரபு மடியை விரித்தான். ரப்பர் பேண்டை அவிழ்த்தார்கள். யாழினி இப்போது நன்றாக உட்கார்ந்தாள், அவன் சட்டைப் பட்டனை வாயில் வைத்துக்கொண்டாள். நான் செம்புத் தண்ணீரில் கையை விட்டேன்.

"மாத்திரை போட்டீங்களா மாமா?"

கலா சத்தமாகத்தான் கேட்டாள். சாப்பிட்டீங்களா என்று கேட்பது மாதிரி. எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"இல்லம்மா. முடிச்சிட்டு..."

"போட்டுட்டு எடுங்க."

சம்பந்தியம்மா வேனுக்குப் போய்த் தண்ணீர்ப் பாட்டிலும் இரண்டு வாழைப்பழமும் எடுத்து வந்தார். மூடியைத் திறந்து என் கையில் கொடுத்தார்.

"வெறும் வயித்துல போடாதீங்கண்ணே. பழத்தச் சாப்பிட்டுப் போடுங்க. நாங்க நிக்கிறோம்."

அம்மன் முன்னால், அத்தனை பேர் பார்க்க, பழத்தைத் தின்றேன். இவ்வளவு மெதுவாக நான் பழம் தின்றதே இல்லை. பொட்டலத்தைப் பிரித்தேன். முழு மாத்திரை ஒன்று, கால் துண்டு ஒன்று. விழுங்கினேன். யாரும் அங்கிருந்து போகவில்லை.

பிறகு கத்தியை எடுத்து உச்சியில் வைத்து முன்னால் இழுத்தேன். ஈர முடி சுருண்டு மடித் துண்டில் விழுந்தது. யாழினி வீறிட்டு அழுதாள். எல்லாக் குழந்தைகளும் அழும். பிரபு தாடையைப் பிடித்துக்கொண்டான். மெத்தென்ற இடத்தைத் தாண்டினேன், பின்தலைக்கு வந்தேன், காது மடலை மடித்துப் பிடித்து ஓரத்தை எடுத்தேன்.

கை நடுங்கியதா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கையைப் பார்க்கவில்லை. தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடித்ததும் தள்ளிப் போய் நின்றேன். எங்கள் தொழிலில் அடுத்து வருவதுதான் பரீட்சை. மொட்டைத் தலையில் சந்தனம் பூசுவார்கள். எங்கேயாவது கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் சந்தனம் பட்டதும் எரியும், குழந்தை மறுபடி அழும்.

சம்பந்தியம்மா கை நிறையச் சந்தனத்தைக் குழைத்து, நெற்றியிலிருந்து பிடரி வரைக்கும் வழித்துப் பூசினார். நான் மூச்சு விடாமல் நின்றேன்.

யாழினி தேம்பலை நிறுத்தினாள். தலையில் கை வைத்துப் பார்த்தாள். விரலில் ஒட்டிய சந்தனத்தை வாயில் வைத்து, பிடிக்காமல், என்னைப் பார்த்துத் துப்பினாள்.